மூப்பர் வீட்டுப் பேன்

நாலாம் வகுப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமை படிப்பதைவிடச் சொறிவதுதான் அதிகம் நடந்தது.

முன்வரிசை வாங்கில் இருந்த டிலக்சியா பென்சிலின் அடிப்பக்கத்தால் காதுக்குப் பின்னால் சொறிந்தாள். நடு வாங்கில் இரண்டு பேர் ஒரே அடிமட்டத்தை மாறி மாறி வாங்கிச் சொறிந்தார்கள். மூன்றாம் வாங்கில் இருந்த அஞ்சலா மட்டும் சொறியவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் இறுக்கமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் முட்டும் அளவுக்கு அவளுக்கும் கடித்தது. ஆனால் அவள் மூப்பர் வீட்டுப் பிள்ளை.

கத்தோலிக்க ஊரான தாழ்வுபாட்டில் கோயில் மூப்பர் என்றால் சின்ன விடயம் இல்லை. திருவிழா ஒழுங்கிலிருந்து படகுக்காரரின் வாய்ச்சண்டை வரை எல்லாவற்றுக்கும் ஊர் அவரைத்தான் தேடி வரும். அஞ்சலாவின் அப்பா ரொபின்சன்தான் இப்போது மூப்பர். அவருக்கு முன் அவருடைய அப்பா. அந்த வீட்டுப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று எதையும் தின்பதில்லை. தெருவில் சத்தம் போடுவதில்லை. நாலு பேர் முன்னால் தலை சொறியக் கூடாது என்பதையும் போன சனிக்கிழமை அம்மா அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

அன்று அம்மா அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், சன்னலைச் சாத்திவிட்டுப் பேன்சீப்பால் வாரினார். வெள்ளைத் துணியில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாக நசுக்கினார்.

"மூப்பர் வீட்டுப் பிள்ளைக்குப் பேன் எண்டு ஊரில ஒருத்தரும் கதைக்கக் கூடாது. விளங்குதோ?"

அஞ்சலாவுக்கு விளங்கியது. பேன்களுக்குத்தான் விளங்கவில்லை. மூன்றே நாளில் திரும்ப வந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமைகளில் இடைவேளைக்குப் பிறகு நசீறா ரீச்சர் சுகாதாரப் பாடம் எடுப்பார். பல் விளக்குவது, கோபம் வந்தால் என்ன செய்வது, மனதுக்குப் பிடிக்காதது நடந்தால் யாரிடம் சொல்வது என்று கிழமைக்கு ஒன்று. அன்று அவர் வகுப்பை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கொண்டுவந்த பல் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். கரும்பலகையில் பெரிதாகப் 'பேன்' என்று எழுதினார்.

வகுப்பு சிரித்தது. தலையை ஒட்ட வெட்டியிருந்த ஜெனோஜன், தன் தலையில் ஏறினால் பேன் வழுக்கி விழுந்துவிடும் என்றான். ரீச்சரும் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. பேனுக்குப் பறக்கவும் தெரியாது, பாயவும் தெரியாது. நடக்க மட்டும்தான் தெரியும். ஒரு தலை இன்னொரு தலையோடு முட்டும்போது அது மெல்ல நடந்து போய்விடும். ஒருவர் தலையில் வைத்ததை உடனே இன்னொருவர் வைத்தாலும் சிலவேளை போகும். குளித்து முழுகிய தலையா, முழுகாத தலையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

"அப்ப பேன் வாறது வெக்கமில்லையோ, ரீச்சர்?" என்று டிலக்சியா கேட்டாள்.

"தடிமன் வந்து மூக்கு ஓடுறது வெக்கமோ? அதைப் போலத்தான் இதுவும்."

சுகாதாரப் பரிசோதகரிடம் பேன் மருந்து கேட்டிருப்பதாக ரீச்சர் சொன்னார். எத்தனை பேருக்கு வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை அவருக்கு அறிவித்தால் அன்றே மருந்து வந்துவிடும். சனிக்கிழமை எல்லாரும் ஒரே நாளில் மருந்து வைக்க வேண்டும். ஒரு தலை தவறினாலும் அங்கிருந்து எல்லாத் தலைக்கும் திரும்ப வந்துவிடும். அதற்காக ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தார். 'பிள்ளைக்குப் பேன் உண்டு' என்று ஒரு வரி. 'இல்லை' என்று இன்னொரு வரி. பொருந்தாததைக் கோடு போட்டு வெட்டிவிட்டு வீட்டில் கையெழுத்து வைக்க வேண்டும்.

அஞ்சலாவின் அம்மா துண்டை வாசித்தார். பேனாவை எடுத்து, 'உண்டு' என்ற வரியை ஒன்றுக்கு இரண்டு தரம் வெட்டினார்.

மறுநாள் துண்டுகளை வகுப்புத் தலைவி டிலக்சியா சேர்த்துக் கொடுத்தாள். ரீச்சர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினெட்டுத் துண்டுகளில் பதினேழில் 'இல்லை' என்று இருந்தது.

"அப்ப நேற்று முழுக்க இந்த வகுப்பு எதைச் சொறிஞ்சது?" என்று கேட்டார்.

டிலக்சியா தன் பென்சிலைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

அந்த ஒரு துண்டு யாருடையது என்று ரீச்சர் சொல்லவில்லை. ஆனால் டிலக்சியா பார்த்துவிட்டாள். இடைவேளை முடிவதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அது விஜிதாவின் துண்டு.

விஜிதா வகுப்புக்கு வந்து இரண்டு மாதம்தான். அவளுடைய ஆட்கள் முன்னொரு காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து உயிலங்குளத்தில் குடியேறியவர்கள். இப்போது அவளுடைய அப்பாவும் அம்மாவும் தாழ்வுபாட்டில் கருவாடு காயவைக்கும் வாடியில் நாள் கூலிக்கு வேலை செய்தார்கள். விஜிதாவின் இரண்டு பின்னல்களும் இடுப்பைத் தாண்டித் தொங்கும். வந்த நாளிலிருந்து அவள் அஞ்சலாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுக்கு இன்னும் வாசிப்புப் புத்தகம் கிடைக்கவில்லை. அதனால் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து ஒரே புத்தகத்தில் வாசிப்பார்கள்.

"அவள் கொண்டந்ததுதான் எங்கள் எல்லாருக்கும் தொத்தினது," என்றாள் டிலக்சியா. "அவள் வர முதல் எங்களுக்கு இருந்ததே?"

யாரோ தன் பையை விஜிதாவின் பைக்கு அருகிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். விஜிதா தன் பொருட்களை எடுத்துக்கொண்டு கடைசி வாங்கில் தனியாகப் போய் உட்கார்ந்தாள்.

அஞ்சலா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

வியாழக்கிழமை காலை தண்ணீர்க் குழாயடியில் இருவரும் சந்தித்தார்கள். வேறு யாரும் அங்கே இல்லை.

"உன்ர அம்மா ஏன் 'உண்டு' எண்டு விட்டவ?" என்று அஞ்சலா மெதுவாகக் கேட்டாள்.

விஜிதா அவளை விநோதமாகப் பார்த்தாள். "ரெண்டு பேன் இருந்துச்சு. ரீச்சர் கேட்டாங்க. அதான்."

பிறகு பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே மற்றதையும் சொன்னாள். பேச்சு வாடிக்கும் போய்விட்டது. அங்கே வேலை செய்யும் பெண்கள் அவளுடைய அம்மாவிடமிருந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அம்மாவுக்குக் காலையில் போனால் பொழுது படும்வரை வேலை. இவ்வளவு நீளத்தை இருந்து வாரி எடுக்க நேரமில்லை.

"ஞாயித்துக்கிழம ஒட்ட வெட்டிடுவேன்னு சொல்லிட்டாங்க. ஜெனோஜன் மாதிரி," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியெல்லாம் அஞ்சலா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். யார் யார் சொறிகிறார்கள்? டிலக்சியா, நடு வாங்கில் இருக்கும் இரண்டு பேர், அவர்களுடைய தங்கைமார். எல்லாரும் சனிக்கிழமைகளில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைத் திருநாளின் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள். விஜிதா அங்கே வருவதே இல்லை. அவள் சைவப் பிள்ளை.

பயிற்சியில் என்ன நடக்கும்?

நினைத்ததும் அஞ்சலாவின் கால் நின்றுவிட்டது.

மூப்பர் வீட்டு அலுமாரியில் வெள்ளைத் துணிப்பூக்களாலும் மணிகளாலும் செய்த ஒரு கிரீடம் இருக்கிறது. அறுபது வருடமாக அந்த வீட்டுப் பெண்கள் முதல் நன்மை வாங்கும்போது வைத்து வருவது. பயிற்சி நாட்களில் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பது வழக்கம். ஒவ்வொருத்தியும் கிரீடத்தை வைத்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து பீடம் வரை நடக்க வேண்டும். அது அசையாமல் நிமிர்ந்து நடப்பவளுக்குத்தான் திருநாளில் முன்வரிசை. அசையாதிருக்க ஒருத்திக்கு ஒருத்தி தலையோடு தலை சாய்த்துக் கொண்டை ஊசி குத்திவிடுவார்கள். ஒரு தலையிலிருந்து எடுத்து அப்படியே அடுத்த தலையில் வைப்பார்கள்.

அஞ்சலாவுக்குக் கடிக்கத் தொடங்கியது முதல் பயிற்சிக்குப் பிறகுதான். விஜிதா சொறியத் தொடங்கியது அதற்கும் பிறகு. முதல் பேன் யாருடையது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் விஜிதாவின் இரண்டு பேன்களும் எங்கிருந்து நடந்து போயின என்பது அஞ்சலாவுக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் அப்பா கதிரையில் இருந்து திருநாள் வரிசைக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அஞ்சலா அவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா குசினியிலிருந்து வந்து, வாயை மூடச் சொன்னார். இந்தக் கதை வெளியே போனால் கோயில் வாசலில் எப்படித் தலை காட்டுவது என்று கேட்டார்.

அப்பா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினார்.

"எங்கட கிரீடத்தால வந்தது எண்டு சொல்லுறாய்?" குரல் தாழ்ந்துதான் இருந்தது. அந்தக் குரலுக்குத்தான் ஊரில் எல்லாரும் பயப்படுவார்கள்.

"கிரீடத்தில பிழை இல்லை, அப்பா. துண்டிலதான் பிழை." அஞ்சலா அம்மாவின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். "விஜிதாட அம்மாக்கு இந்த ஊரில ஒருத்தரையும் தெரியாது. அவ உண்மையை எழுதினவ. எங்களை எல்லாருக்கும் தெரியும். நாங்கள் எழுதேல்ல."

அப்பா பேனாவை மூடிவைத்தார். துண்டில் என்ன எழுதியது என்று அம்மாவிடமும் கேட்கவில்லை.

"போய்ப் படி," என்றார் கடைசியில்.

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலையில் அவள் புறப்படும்போது அப்பா வீட்டில் இல்லை. கடற்கரைக்குப் போயிருந்தார்.

வகுப்பில் நசீறா ரீச்சர் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். பரிசோதகருக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டிய நாள். கொப்பியில் 'ஒன்று' என்று எழுதியிருந்தது.

அஞ்சலா எழுந்தாள். வாங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"ரீச்சர், என்ர துண்டு பிழை. எனக்குப் பேன் இருக்குது. விஜிதாவுக்கு என்னட்ட இருந்துதான் போனது."

வகுப்பில் சொறியும் சத்தம்கூட நின்றுவிட்டது. டிலக்சியா திரும்பி அவளைப் பார்த்தாள். மூப்பர் வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டாள். டிலக்சியா கொஞ்ச நேரம் தன் பென்சிலைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள். நடு வாங்கிலிருந்து இரண்டு கைகள் எழுந்தன. பின்னால் இன்னும் சில. ஜெனோஜனும் கையை உயர்த்தினான். தங்கச்சிக்காக என்றான், தன் தலையில் இடமில்லை என்றான்.

ரீச்சர் எண்ணி முடிக்குமுன் வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சாரமும் மடிப்புக் குலையாத சேட்டுமாக மூப்பர் நின்றார். கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடும் உடுப்பு. உள்ளே வந்து, ரீச்சரிடம் ஒரு கடதாசியைக் கொடுத்தார். தன் மகளுக்குப் பேன் உண்டு என்றும், முன்பு தம் வீட்டிலிருந்து வந்த துண்டு தவறு என்றும் எழுதி, கீழே முழுப்பெயரில் கையெழுத்து வைத்திருந்தார்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பயிற்சி இல்லை. கிரீடத்தைக் கழுவி வெயிலில வைச்சிருக்குது. இனி ஊசி குத்தி மாத்தி மாத்தி வைக்கிறதும் இல்லை. எல்லாரும் தலைக்கு மருந்து வையுங்கோ. வீட்டில கேட்டால் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ."

நின்றுகொண்டிருந்த மகளை ஒரு தரம் பார்த்தார். சிரிக்கவில்லை. போகும்போது மட்டும் கையால் அவள் தலையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார். பேன் இருக்கும் தலை என்று தெரிந்தே அழுத்தினார்.

கொப்பியில் இருந்த 'ஒன்று' பதினொன்று ஆனது. அஞ்சலா தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய், விஜிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயிறு வெட்ட வேண்டாமெண்டு அம்மாட்டச் சொல்லு. நாளைக்கு எங்கட வீட்டை வா."

"உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

சொல்லுவாரோ இல்லையோ என்று அஞ்சலாவுக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் நேரே அம்மாவிடம் போனாள். விஜிதாவின் தலைமயிர் நீளமானது, அவளுடைய அம்மாவுக்கு வாடியில் வேலை, வார ஆளில்லாததால் வெட்டப் போகிறார்கள், இரண்டு தலைக்கும் சேர்த்து நீங்கள் வாரிவிடுவீர்களா என்று ஒரே மூச்சில் கேட்டாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.  களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தார்.

சனிக்கிழமை விஜிதா வேலிப் படலையடியில் வந்து நின்றபோது, அம்மா முற்றத்து வேம்பின் கீழ் மூன்று கதிரைகளைப் போட்டிருந்தார். தெருவால் போகிற எல்லாருக்கும் தெரியும் இடம். ஒரு கதிரையில் மருந்துப் போத்தல் இருந்தது. பக்கத்தில் புதுப் பேன்சீப்பு.

"வா பிள்ளை. பின்னலை அவிழ்," என்றார்.

விஜிதாவின் தலையை வாரி முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. கோயிலடிக்குப் போன இரண்டு பெண்கள் படலையில் நின்று பார்த்தார்கள். அம்மா சீப்பை நிறுத்தவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு மருந்து வைத்தாயிற்றா என்று மட்டும் கேட்டார். அவர்கள் இனித்தான் என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

துணியில் விழுந்தவற்றை விஜிதா எண்ணினாள். அவளுக்கு ஏழு. அடுத்து அஞ்சலாவின் முறை.

தெருவில் சைக்கிளில் போன ஜெனோஜன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாருக்கு எண்ணிக்கை கூட என்று கேட்டான்.

"அவளுக்கு ஏழு, எனக்குப் பதினாலு," என்று அஞ்சலா கழுத்தை நிமிர்த்திச் சொன்னாள். "எங்கட வீட்டை வெல்ல ஆராலும் ஏலாது."

"தலையைக் குனி, பிள்ளை," என்றார் அம்மா. "பதினைஞ்சாவது இப்பதான் வருது."