பெயர் பொறித்த தட்டு

அப்பா இளங்கோவன் அன்றைக்கும் சமையலில் தோற்றுப்போனார்.

“ஆணியைச் சப்புற மாதிரி இருக்குங்க” என்று அம்மா ஷோபா தட்டைத் தள்ளி வைத்தாள்.

இட்லி, கஞ்சி, குழைந்த பொங்கல் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். அப்பா காரத்தைக் குறைத்துப் பார்த்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டுப் பார்த்தார். ஆணி அசைந்து கொடுக்கவில்லை.

அனுபமாவுக்கு வயது பத்து. அம்மாவுக்குப் புற்றுநோய், அது உடம்பில் பல இடங்களுக்குப் பரவிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் யாரும் மறைக்கவில்லை. கீமோ மருந்து அந்த நோயை அடக்கி வைக்கிறது. கூடவே அம்மாவின் முடியையும் நாக்கு ருசியையும் பிடுங்கிக்கொண்டுவிட்டது. எடை இன்னும் குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா எத்தனை வாய் சாப்பிடுகிறாள் என்று அனு எண்ணத் தொடங்கியிருந்தாள்.

அது சீதாப்பழக் காலம். அவர்கள் இப்போது குடியிருக்கும் தெலுங்கு ஊரான கொண்டாப்பூரில் தெருவுக்குத் தெரு கூடை வைத்து விற்பார்கள். பள்ளி விட்டு வந்த அனு, அப்பா வாங்கி வைத்திருந்த பழம் ஒன்றை நன்றாகக் கழுவிப் பிளந்தாள். ஒரு பாதியை அப்படியே அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“ஒரே ஒரு சுளைம்மா. ப்ளீஸ்.”

அம்மா விரலால் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டாள். பிறகு இன்னொன்று.

“இனிக்குதே” என்றாள், தன்னையே நம்பாமல்.

அடுத்த அறையில் ஆபீஸ் வேலையாக இருந்த அப்பா, கழுத்தில் ஹெட்போன் தொங்க ஓடிவந்தார். மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் பறந்தார். விதை நீக்கி, தட்டில் வைத்து, ஸ்பூனோடு கொண்டுவந்து நீட்டினார்.

அது அம்மாவின் கல்யாணச் சீர்த் தட்டு. எவர்சில்வர். விளிம்பில் ‘ஷோபா’ என்று பெயர் பொறித்திருக்கும். மதுரையிலிருந்து வரும்போது கட்டிலைக்கூட விட்டு வந்தார்கள், அந்தத் தட்டை விடவில்லை. அம்மா ஆசையாகச் சாப்பிடட்டும் என்று அப்பா இப்போதெல்லாம் எதையும் அதில்தான் போட்டுக் கொடுக்கிறார்.

அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது.

“மறுபடியும் ஆணிங்க.”

அப்பா சோர்ந்து உட்கார்ந்துவிட்டார். அனு மட்டும் துள்ளி எழுந்தாள்.

“அப்பா, அதே பழம்தானே? தட்டும் ஸ்பூனும்தானே புதுசா வந்துச்சு?”

“அதனால என்னடா?”

“ஒரு நிமிஷம் இருங்க.” அனு வேறொரு ஸ்பூனைக் கழுவி எடுத்து வந்தாள். அதில் ஒன்றுமே இல்லை. “அம்மா, கண்ணை மூடிட்டு ஆ காட்டு.”

ஸ்பூன் நாக்கில் பட்டதும் அம்மா தலையை உதறினாள். “ஐயே, இதேதான்டி அந்த ஆணி.”

அப்பா ஸ்பூனை முறைத்தார். “என் சமையலைச் சந்தேகப்பட்டேன். மசாலாவைச் சந்தேகப்பட்டேன். இவனை விட்டுட்டேனே.”

“என் தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?” அம்மா பொறித்த பெயரைத் தடவினாள்.

“அது நல்ல தட்டுதாம்மா. கொஞ்ச நாள் லீவு, அவ்வளவுதான்” என்றாள் அனு.

சொல்லி முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படிகளில் தடதடவென்று இறங்கினாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் அப்பாவுடையது.

முனைக்கடையில் தைத்த இலைக் கட்டு கேட்டாள். வீட்டில் விசேஷமா என்று கடைக்காரர் தெலுங்கில் விசாரித்தார்.

“அவுனு அங்கிள், பெத்த விசேஷம்” என்று, ஆமாம், பெரிய விசேஷம்தான் என்பதை அவர் மொழியிலேயே சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

இலையை அலசிப் போட்டார்கள். அப்பா குழையக் குழைய சோறு வைத்து, கண்ணாடிக் கிண்ணத்திலிருந்து ரசத்தைக் கொஞ்சமாக ஊற்றினார். அம்மா கையால் பிசைந்து ஒரு வாய் போட்டாள். அனு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவும்தான்.

“ஆணி இருக்கு” என்றாள் அம்மா.

அனுவுக்கு முகம் விழுந்துவிட்டது.

“இருக்கு. ஆனா எங்கயோ தூரத்துல இருக்கு. நடுவுல ரசம் நல்லா தெரியுது. மிளகு கொஞ்சம் தூக்கல்.”

அடுத்த வாய் போனது. அதற்கடுத்ததும் போனது. பிறகு அம்மா மீதிச் சோற்றைக் குவித்து, நடுவில் விரலால் ஒரு குழி பறித்தாள்.

“ரெண்டு பேரும் வேடிக்கை பார்த்தது போதும். ரசத்தை ஊத்துங்க.”