மன்னன் கழுத்தைத் தொட்ட கை

தென்பெண்ணையின் நீர்ப்பரப்பில் அந்திச் செம்மை கரைந்து முழுமதி எழுந்த வேளையில், மன்னன் கண்டன் மாறவேளின் பாசறைக் கூடாரத்துக்குள் ஐந்து அரண்மனை வைத்தியர்கள் வாய் கிழிய வாதாடிக்கொண்டிருந்தார்கள். வாசகர்களே, அந்த மகா மேதைகளைச் சற்றே தரிசித்துக்கொள்ளுங்கள்! ஓராண்டாக மன்னனுக்கு மூச்சு இரைக்கிறது, குரல் கம்மிவிட்டது. மன்னனின் தோளுக்கு மேல் அரசியைத் தவிர எவர் கையும் படலாகாது என்பது அக்குலத்து வழக்கம். மன்னனோ மணமாகாதவன் என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆகவே மேதைகள் மணிக்கட்டில் நாடி பிடித்ததோடு சரி. அவன் கழுத்தை மறைத்த முத்துக் கண்டிகையின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

"நெஞ்சுச் சளிதான், அரசே! இந்த மயக்க மருந்தை அருந்தி ஆழ்ந்து உறங்குங்கள்," என்று கிண்ணத்தை நீட்டினார் தலைமை வைத்தியர் அம்பலப் பட்டர்.

"உறங்கினால் எழமாட்டார்!"

மன்னனின் அழைப்பில் வந்திருந்த முக்காடிட்ட மருத்துவப் பெண் முன்னே வந்தாள்.

"மூச்சை இழுங்கள், அரசே." கீச்சென்று சத்தம் கேட்டது. "இப்போது விடுங்கள்." சத்தம் அடங்கியது.

"பட்டரே! நெஞ்சிரைப்பு பெரும்பாலும் மூச்சை விடும்போது ஒலிக்கும். இவருக்கு இழுக்கும்போது ஒலிக்கிறது. அடைப்பு தொண்டையில். இத்தனை நாள் தங்கள் காதுகளை எங்கே அடகு வைத்திருந்தீர்கள்?"

சொல்லிக்கொண்டே கண்டிகையை அவிழ்த்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு தழும்பு தெரிந்தது.

"சென்ற போரில் பகைவர் வீசிய சுருக்குக் கயிற்றின் தடம் இது. வெளியே ஆறிய காயம் உள்ளே தழும்பாகி மூச்சுக் குழலை நெரிக்கிறது. மயக்கத்தில் தொண்டைத் தசைகளும் தளர்ந்தால் மூச்சு நின்றுவிடும்."

"கழுத்தைத் தொட்டுவிட்டாள்! வெட்டுங்கள்!" என்று அலறினார் பட்டர். நோயைக் காணாத கண்கள் குற்றத்தை மட்டும் எவ்வளவு விரைவாகக் கண்டன! காவலர் வாள்கள் உயர்ந்தன.

மன்னன் எழுந்து அவள் முன்னே நின்றான்.

"அந்தக் கயிற்றை அறுத்து என்னைக் காத்தவள் இவள். பகைவன் மகள் செம்பியன் நங்கை. அன்றே ஆற்றங்கரையில் எனக்கு மாலையிட்டவள். உங்கள் அரசி!"

வாள்கள் தாழ்ந்தன. பட்டர் மருந்துக் கிண்ணத்தை மெல்லத் தம் முதுகுக்குப் பின்னே மறைத்தார்.

நங்கை முக்காட்டை நீக்கினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"குரல் திரும்புமா என்று நான் அறியேன், அரசே. ஆனால் என் உயிர் உள்ளவரை உங்கள் மூச்சை நிற்க விடமாட்டேன். இது ஆணை!"