பச்சை நிமிடங்கள்

காலை ஒன்பதே காலுக்கெல்லாம் ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுக் காதுகளுக்குப் பின்னால் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முப்பத்தொன்பதாவது காது செண்பகவள்ளியுடையது. அங்கே பச்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"விடைப்பொறி நம்ம கண்மாயில தண்ணி கெடக்குன்னு சொல்லுது. ஆடு மேய்க்கிற மாமா அங்க புல்லுதான் இருக்குங்கிறாரு. யாரை நம்புவீங்க?" என்று கேட்டார் ஜெயசீலி டீச்சர்.

முப்பத்தெட்டுப் பேரும் புருவத்தை நெரித்தார்கள். விளக்குகள் இன்னும் பளிச்சென்று எரிந்தன. பதில்தான் வரவில்லை. செண்பகவள்ளி பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரையும் நம்பலாம் டீச்சர். பொறி எப்பவோ மழைக்காலத்துல எடுத்த படத்தைப் பாத்துச் சொல்லுது. மாமா இன்னைக்குப் பாத்துட்டுச் சொல்றாரு. படம் எப்போ எடுத்ததுன்னு கேட்டா முடிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். விளக்கு சும்மாவே இருந்தது. டீச்சர் சுவர் நாள்காட்டியைப் பார்த்தார். பருவம் முடியப் பத்து நாள்தான் பாக்கி.

சிந்தைவிளக்கு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். மூளை படித்ததை ஒப்பிக்கும்போது அணைந்திருக்கும். உழைத்து யோசிக்கும்போது பச்சையாக எரியும். எந்தக் கேள்விக்கும் மணிக்கட்டிலுள்ள விடைப்பொறி பதில் சொல்லிவிடும் என்றான பிறகு தேர்வு வைப்பதில் பொருளில்லாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு யோசிக்கச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். அதை அளந்தே தீர வேண்டும் என்று அடுத்த முடிவையும் எடுத்தார்களே, அங்கேதான் வினை. மதிப்பெண் போய்ப் பச்சை நிமிடம் வந்தது. நாளொன்றுக்கு நாற்பது நிமிடமாவது எரிய வேண்டும். எரியாத பிள்ளை பருவ முடிவில் பணிப்பள்ளிக்குப் போய்விடும். பொறி சொல்வதைத் தட்டாமல் செய்வதற்கு அங்கே பழக்குவார்கள். கேள்வி கேட்பதற்கு அங்கே நேரம் ஒதுக்குவதில்லை.

செண்பகவள்ளியின் கணக்கு நாளொன்றுக்கு இரண்டு நிமிடம்.

கோவில்பட்டியில் ஜெயசீலியைத் தெரியாத ஆசிரியர் கிடையாது. அவர் வகுப்புதான் மாவட்டத்திலேயே அதிகப் பச்சை; அதற்கு விருதும் வாங்கியிருக்கிறார். "சிந்தனை டீச்சர்" என்றால் கடைக்காரர்கூட எழுந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பிள்ளையின் விளக்கை ஏற்றத் தெரியவில்லை என்பது அவமானம் என்றால், வகுப்பிலேயே ஒழுங்காக யோசிக்கிற பிள்ளை அது ஒன்றுதானோ என்ற சந்தேகம் அதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

மதியம் கதிரேசனைக் கூப்பிட்டார். அவன்தான் வகுப்பில் முதல். நூற்றுத் தொண்ணூறு நிமிடம்.

"உனக்கு எப்படிடா இவ்வளவு நேரம் எரியுது? கோவப்பட மாட்டேன், உள்ளதைச் சொல்லு."

அவன் காலால் தரையைக் கீறினான். "பயத்தை நெனச்சுக்குவேன் டீச்சர்."

"என்ன பயம்?"

"எங்கம்மா வண்டியில போறப்போ லாரிக்காரன் மோதிட்டா என்ன செய்யன்னு நெனச்சா ஒடனே எரிஞ்சிரும். ஆனா அது ரெண்டு வாரந்தான் டீச்சர் தாங்கும். பெறகு பழகிப்போவும். அப்போ வேற பயம் மாத்திக்குவோம். நான் என் லாரியைக் குடுத்துட்டு முத்துமாரிகிட்ட கெணத்துல விழுறதை வாங்கிட்டேன். அது நாலு நாளுகூட வரல."

"எல்லாருமா?"

"செண்பகாதான் மாத்த வரமாட்டா. அவகிட்ட பயமே இல்லையே, எதைக் குடுப்பா?"

ஜெயசீலி ஜன்னல் வழியே மரத்தடியைப் பார்த்தார். இடைவேளையில் மரத்தடியில் பிள்ளைகள் கூடிக் கூடிப் பேசுவதைக் கலந்துரையாடல் என்று நினைத்து எத்தனை நாள் பூரித்திருக்கிறார்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அந்த விளக்குக்கு யோசனைக்கும் கவலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று மாலையே மாவட்டச் சிந்தனைக் கல்வி அலுவலர் காசிராஜனை அழைத்துச் சொன்னார்.

"தெரியும் டீச்சர்," என்றார் காசிராஜன். "தெரியாத மாதிரி இருக்கோம். இப்போ போய் விளக்கு தப்புன்னு எழுதினா அத்தனை பள்ளிக்கூடத்துப் பச்சையும் பொய்யாயிரும். உங்க விருதும் சேத்துத்தான். விசாரிச்சு முடிக்க மூணு வருசம் ஆகும். அதுக்குள்ள உங்க பிள்ளை பணிப்பள்ளியில இருக்கும். அவளுக்கும் ஏதாவது ஒரு பயத்தைச் சொல்லிக்குடுங்க. ஒரு பிள்ளை தப்பிக்கட்டும்."

ஜெயசீலி அப்போதும் எழுதத்தான் நினைத்தார். ஆனால் மறுநாள் செண்பகவள்ளியின் அம்மா ராமலட்சுமி வேலை உடுப்போடு பள்ளிக்கு வந்து நின்றாள். உயரத்தில் ஏறிச் சூரிய மின்தகடு கழுவுகிறவள். முழங்கை வரை தகட்டுத் தூசி.

"நான் பொறி சொல்றபடி ஏறி, பொறி சொல்றபடி எறங்குறவ டீச்சர். எம்மக அப்படி ஆயிரக்கூடாது. எப்படியாவது இங்கனயே வச்சுக்கோங்க."

அவள் போன பிறகு, ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்த கடிதத்தை டீச்சர் அழித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தத் தாயை நேரில் பார்த்திருந்தால் நானும் அழித்திருப்பேன்.

வகுப்பு முடிந்ததும் செண்பகவள்ளியை உட்கார வைத்தார்.

"அம்மா உயரத்துல நின்னு வேலை பாக்கும்போது கால் வழுக்கிட்டா?"

"இடுப்புல கயிறு இருக்கே டீச்சர்."

"கயிறு அறுந்துட்டா?"

"கீழ வலை கட்டியிருப்பாங்க. நானே போய்ப் பாத்திருக்கேன்."

"உனக்குத் திடீர்னு காய்ச்சல் வந்து…"

"ஆஸ்பத்திரி நாலாவது தெரு."

விளக்கு அசையவில்லை. ஒவ்வொரு பயத்தையும் அந்தப் பெண் எடுத்துப் பார்த்து, பிரித்துப் போட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதைத்தானே சிந்தனை என்று பன்னிரண்டு வருடமாகக் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஜெயசீலிக்கு அழுகை வந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவர் கெட்டிக்காரர். யோசனையால் பிரிக்க முடியாத பயம் ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றிவிட்டது.

"சரி, எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்க. நீ யோசிக்கிற விதமே தப்பா இருந்தா?"

"எங்கன தப்புன்னு பாத்துத் திருத்திக்குவேன்."

"எதை வச்சுப் பாப்ப? அதே மூளையை வச்சுத்தானே? அதுவே தப்பா இருந்தா, தப்பு இருக்கதுகூட உனக்குத் தெரியாதே."

செண்பகவள்ளி பென்சிலைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் மினுக்கென்று ஒரு பச்சை வந்தது, போனது, பிறகு நிலைத்து எரிந்தது.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் ஜெயசீலி.

மறுநாள் அவள் கணக்கு இருநூற்றிருபது நிமிடம். வாரக் கடைசிக்குள் நானூற்றைத் தாண்டிவிட்டது, தூங்கும்போதும் எரிகிறதாம். ராமலட்சுமி ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோடு வந்து, நன்றி சொல்லி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பல்லாம் சட்டையைப் போடவே அரை மணி நேரம் யோசிக்கா டீச்சர். எது நல்லாருக்குன்னு என்னைக் கேக்கா. பொறுப்பு வந்துருச்சு."

மரத்தடியில் இப்போது செண்பகவள்ளியைச் சுற்றித்தான் கூட்டம். அவளிடம் உள்ள பயம் தீர்வதே இல்லை என்ற செய்தி பரவிவிட்டது. கதிரேசன் தன்னிடமிருந்த மூன்று பயங்களையும் கொடுத்து அதை வாங்கினான். முத்துமாரி அவனிடம் வாங்கினாள். கொடுத்தாலும் குறையாத சரக்கு என்பதால் நான்கே நாளில் வகுப்பு முழுக்க வந்துவிட்டது. முப்பத்தொன்பது விளக்குகளும் காலை மணி முதல் மாலை மணி வரை அணையாமல் எரிந்தன. எந்தக் கேள்விக்கும் ஒரு கைகூட உயரவில்லை.

பருவத்தின் கடைசி நாளில் காசிராஜன் நேரில் ஆய்வுக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் அந்தப் பச்சையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சும்மா ஒரு கேள்வி," என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "வெளியே மழை பெய்யுதா?"

சித்திரை வெயில் மைதானத்தை வறுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் போயிற்று. கடைசியில் செண்பகவள்ளி எழுந்தாள்.

"பெய்யலைன்னு தோணுது சார்," என்றாள் மெதுவாக. "ஆனா எனக்குத் தோணுறது தப்பாவும் இருக்கலாம். நீங்களே சொல்லிருங்க சார்."

காசிராஜன் கைதட்டினார். "என்ன ஒரு அடக்கம்! என்ன ஒரு ஆழம்! விளக்கைப் போய்ச் சந்தேகப்பட்டோமே! இத்தனை வருசத்துல இப்படி ஒரு வகுப்பை நான் பாத்ததில்ல டீச்சர். அந்தப் பிள்ளைக்கு அப்படி என்ன சொல்லிக்குடுத்தீங்க? எழுதிக் குடுங்க. அடுத்த பருவத்துல எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் முதல் பாடம்."

ஜெயசீலி வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். இது சிந்தனை இல்லை சார், நான் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்ற வாக்கியம் முழுதாக நாக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் இன்னொன்று குறுக்கே வந்து நின்றது. இத்தனை பச்சை எரிகிறது. இவ்வளவு பெரிய அதிகாரி நன்றாக இருக்கிறது என்கிறார். பெற்ற தாய் கையைப் பிடித்து நன்றி சொல்கிறாள். தப்பு என்று நினைக்கிறது என் ஒருத்தி மூளைதான். அதுவே தப்பாக இருந்தால்?

அலுவலர் நீட்டிய தாளை வாங்கி, செண்பகவள்ளியிடம் கேட்ட கேள்வியைத் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.