ஆறடி உறிஞ்சுகுழி

குழிக்குள் ஊற்றிய தண்ணீர் ஊறி இறங்கவில்லை. மடக்கு மடக்காக இறங்கியது.

கொல்லையில் வெட்டிய ஆறடிக் குழியின் விளிம்பில் நாற்காலி போட்டு, மடியில் நோட்டும் கையில் கடிகாரமுமாக சூப்பிரண்டு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் தெரு அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவரும் யாரையும் திருத்தவில்லை. குழிக்குள் நிறுத்திவைத்த அளவுகோலில் தண்ணீர் இம்மி நகராமல் நிற்கும். திடீரென்று மூன்று அங்குலம் இறங்கும். மறுபடி நிற்கும். செம்பை வாயிலிருந்து எடுக்காமல் குடிக்கிறவன் மூச்சு வாங்க நிறுத்துவானே, அந்த மாதிரி.

கொத்தனார் எட்டிப் பார்த்தார். "சார், முப்பது வருஷமா உறிஞ்சுகுழி வெட்டுறேன். தண்ணி சோம்பேறி மாதிரி மெதுவா இறங்கணும். இது சரியில்ல. மூடிட்டு அந்த மூலையில வேற வெட்டலாம்."

"காரணம்?"

"காரணம் தெரிஞ்சிருந்தா நானும் உங்கள மாதிரி நாற்காலியில உட்கார்ந்திருப்பேனே சார்."

"சராசரி நிமிஷத்துக்கு ஓர் அங்குலம். ரொம்பத் திருப்திகரம்." சூப்பிரண்டு நோட்டை மூடினார். சராசரி எடுத்துவிட்டால் எந்த விபரீதமும் ஒழுங்காகிவிடும் என்பதுதான் முப்பத்தைந்து வருஷத்தில் அலுவலகம் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே வித்தை. கொத்தனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

சூப்பிரண்டுக்கு ஓர் அவசரம் இருந்தது; அதை நோட்டில் எழுதவில்லை. பேத்தியைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போன மனைவி எட்டு மாதமாகத் திரும்பவில்லை. கொல்லையில் தேங்கும் மழைத்தண்ணீரில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தவள். "அந்தக் குட்டை காயட்டும், வரேன்" என்று சொல்லியிருந்தாள். 'நீ இல்லாமல் வீடு நன்றாயில்லை' என்று ஒரு வரி சொன்னால் மறுநாளே வந்திருப்பாள். அதைச் சொல்வதைவிட ஆறடிக் குழி வெட்டுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

துளையிட்ட டிரம்மை இறக்கி, சுற்றிலும் வடிதுணி சுற்றி, ஜல்லி கொட்டினார். அவர் கணக்குக்கு நாற்பது கூடை, போனது எழுபது. கூரைத் தண்ணீரை மட்டும் குழியில் விட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே விஷயத்துக்கு எதற்கு நாலு கோப்பு என்று, சமையலறைத் தொட்டி, குளியலறை, துணி துவைக்கிற இடம் எல்லாவற்றின் கழிவுநீரையும் அதிலேயே திருப்பிவிட்டார். இப்படியாகக் குழிக்கு வீட்டுக்குள் மூன்று வாய் கிடைத்தது.

ஒரு மழை அடித்தது. ஒரு மணி நேரத்தில் குட்டையைக் காணோம்.

"காய்ஞ்சிடுச்சு," என்றார் போனில்.

"நிஜமாவா? நீங்க காகிதத்துலயே காயவைக்கிற ஆளாச்சே."

"வந்து பாரு."

"சரி, வியாழக்கிழமை வரேன். தனியா இருந்து இளைச்சுட்டீங்களா?"

"எடை நார்மல்," என்று போனை வைத்தார். வைத்துவிட்டு, அவள் தலையணைக்கு உறை மாற்றினார்.

அதன் பிறகு மழை இல்லை. பேச ஆளில்லாத வீட்டில் ஒவ்வொரு சத்தமும் தனியாகக் கேட்கும். குளியலறையின் நீர்போக்கித் துளையிலிருந்து, குளிர்பானம் தீர்ந்த பிறகும் குழலை விடாமல் உறிஞ்சுகிற குழந்தையின் சத்தம் மாதிரி ஒன்று, அரை மணிக்கு ஒரு தடவை, கேட்டது. வாணலியை வெறுமனே அடுப்பில் காயவைத்த வாசனை அறை அறையாக நடந்தது. பத்து வருஷமாக எந்தப் பெயின்டுக்கும் மசியாத சுவர் ஈரம் ஒரே பகலில் மறைந்தபோது அவர் சந்தோஷப்பட்டார். சோப்பு வெடித்துத் தூளானபோது கம்பெனியைத் திட்டினார். வாளித் தண்ணீர் யாரும் தொடாமலே நாலு விரல் குறைந்தபோது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. காற்றே இல்லாத மத்தியானத்தில் கூடத்துத் திரைச்சீலை குளியலறைப் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. தொட்டிக்கு அடியில் கிடந்த பல்லியைக் காகிதத்தால் தள்ளினார். சருகு போல நொறுங்கியது.

ஈரத்துணியைச் சுருட்டித் துளையில் அடைத்தார். கை எடுப்பதற்குள் அது காய்ந்தது.

புதன்கிழமை கொல்லைக்குப் போய் மூடிப்பலகையை நகர்த்தினார். ஜல்லி வெள்ளைத் தூசியாக இருந்தது. குனிந்தார். கண்ணிலிருந்த ஈரம் போய்விட்டது. இமை மூட வரவில்லை. விரலால் இழுத்து மூட வேண்டியிருந்தது.

அப்போதே போனில் சொல்லியிருக்கலாம், வராதே என்று. நம்பரைக்கூட எடுத்தார். எட்டு மாதம். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

காலையில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. முழங்காலுக்குள் மணல் அரைபட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிரிக்க முடியவில்லை.

போன் அடித்தது. அவள்தான். திரையில் விரலைத் தேய்த்தார். போன் அந்த விரலை விரலாகவே மதிக்கவில்லை. மறுபடி தேய்த்தார். தோல் செதிலாக உதிர்ந்து திரையில் கிடந்தது. மணி நின்றது.

வாசலில் ஆட்டோ.

"என்னங்க! போன் எடுத்தா கௌரவம் குறைஞ்சிடுமா?" பையைக் கூடத்தில் வைத்தாள். அவரைப் பார்த்தாள். "ஐயோ, என்ன இது, உதடெல்லாம் வெடிச்சு? தண்ணிகூடக் குடிக்காம அப்படி என்ன ஆபீஸ் வேலை? இருங்க, முகம் கழுவிட்டு வந்து கொடுக்கிறேன்."

அவர் கையை நீட்டினார். குளியலறையைக் காட்டி, வேண்டாம் என்று ஆட்டினார்.

"வந்ததும் வராததுமா உத்தரவா?" சிரித்துக்கொண்டே போனாள்.

குழாய்ச் சத்தம். தண்ணீர் தரையில் விழும் சத்தம் மட்டும் இல்லை.

வெளியே வந்தாள். முகத்தில் நீர் சொட்ட, ஈரக் காலோடு நாலு எட்டு வைத்தாள். எட்டு மாதத்தில் அந்தத் தரையில் இன்னொருவர் கால்தடம். "துண்டு எங்க? அட, குழாயை மூடலையே." திரும்பி உள்ளே போனாள்.

அவர் வாயைத் திறந்தார். தூசி வந்தது.

கதவு சாத்திக்கொண்டது. குழாய்ச் சத்தம் நின்றது. "என்னங்க, இங்க ஒரு மாதிரி..." என்றாள். பாதியில் குரல் மெலிந்தது. காகிதம் கசங்குகிற மாதிரி.

பிறகு ஒன்றுமில்லை.

தரையில் அவளுடைய ஈரக் கால்தடங்கள் இருந்தன. அவருக்குப் பக்கத்திலிருந்தது முதலில் சுருங்கியது. குதிகால். பாதம். விரல்கள். அடுத்தது. அதற்கடுத்தது. கதவடியில் கடைசித் தடம், ஐந்து விரலும் உள்பக்கம் பார்த்தபடி. பெருவிரல் மட்டும் கொஞ்ச நேரம் மினுமினுத்தது.