வெள்ளைக் கிண்ணத்தில் வைத்த கறி

குமுதா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கணவர் பத்துமலை கூப்பிட்டார்.

"குமு, இங்க வந்து பாரேன். இந்தக் கிண்ணத்துல வெட்டுன பூவுக்குள்ள மெருகு தேங்கி லேசா பச்சையா தெரியுது. ரொம்பப் பழசுலா."

"மூணு தடவ கழுவியாச்சு, இன்னும் மண் வாட போகல. வெளிய வைங்க அத."

அவள் போய்ப் பார்க்கவில்லை. மீன் வறுத்து முடிப்பதற்குள் அவர் நாற்காலியிலேயே செத்துப்போயிருந்தார். கிண்ணம் மட்டும் மடியில், கீறல்கூட இல்லாமல்.

அலமாரியில் இருந்த முப்பத்தொரு சீன வெள்ளைப் பீங்கான்களும் ஈப்போ கடைகளில் வாங்கியவை. இது ஒன்றுதான் அவரே மண்ணிலிருந்து எடுத்தது. செமோர் ஊருக்குப் பின்னால் பழைய ரப்பர்த் தோட்டத்தை வீடு கட்டச் சமப்படுத்தியபோது சீனர் கல்லறை ஒன்று பெயர்ந்தது. செத்தவங்க சாமான் நமக்கெதுக்கு என்று அவள் கத்தியதற்குச் சிரித்தார்.

எட்டாம் நாள் சாயங்காலம் படையல். அறையில் இலை விரித்து, சோறு, நண்டு, பொரித்த மீன், பக்கத்தில் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். ஆட்டுக்கறியைக் குமுதா அந்தக் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"அண்ணி, வேற கிண்ணம், மங்கோக் ஏதும் இல்லையா?" என்றாள் நாத்தனார் பிரமிளா.

"இதத்தானே கட்டிக்கிட்டுக் கெடந்தாரு உங்க அண்ணன்? இதுலயே திங்கட்டும்."

கதவைச் சாத்தி, வழக்கப்படி வெளியே உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு தடவை அவர் வந்து சாப்பிட வேண்டும். முகத்துக்கு நேரே திட்டித் தீர்க்க அவளிடம் எட்டு நாள் கோபம் இருந்தது. சுண்ணாம்பு மலைக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வர, கதவிடுக்கில் ஊதுபத்திப் புகையும் கறி மணமும், அவற்றுக்கு அடியில், தோண்டிய குழியின் ஈர வாடையும் மெல்ல மெல்லக் கசிந்து அவள் காலடியில் தங்கின.

உள்ளே பீங்கான் நகர்ந்தது.

"வந்துட்டாரு அண்ணி!" பிரமிளா அழுதாள்.

"வாங்க. நல்லா கொட்டிக்குங்க," என்றாள் குமுதா கதவைப் பார்த்து. "சொல்லாம கொள்ளாம போனீங்கல்ல?"

டிக். டிக். டிக்.

இரண்டு மெல்லிய சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ண விளிம்பில் தட்டும் சத்தம்.

பிரமிளாவின் அழுகை நின்றது. "அண்ணே கையாலதானே சாப்பிடுவாரு?"

சத்தம் வேகமெடுத்தது. சுரண்டல். உறிஞ்சல். அப்புறம் ஒன்றுமில்லை.

குமுதா கதவைத் தள்ளினாள்.

அறையில் யாரும் இல்லை. கிண்ணம் காலி. செதுக்கிய பூவின் பள்ளங்களில் மட்டும் குழம்பின் சிவப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மறைந்தது. இதழ் இதழாக. நாக்கால் வழிப்பதுபோல.

இலையில் அவருக்கு வைத்த சோறு, ஒரு பருக்கை குறையாமல், அப்படியே இருந்தது.