ரத்தம் கொஞ்சம் இனிக்கும்

"ஆ...ஆ...ஆ!"

ரத்த ஆராய்ச்சிக் கூடத்தின் கதவைத் திறந்த துப்புரவுப் பெண் போட்ட அலறலில் மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

தரையெல்லாம் ரத்தம்!

நடுவில் ஒரு கத்தி. பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக்குச் சொந்தக்காரரான தலைமை டாக்டரை மட்டும் காணோம்!

இன்ஸ்பெக்டர் வந்தபோது டாக்டரின் மனைவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். எதிரே அவளுடைய தம்பி. அக்கா புருஷனிடமே உதவியாளனாக வேலை பார்ப்பவன். முகம் வெளுத்திருந்தது.

"கத்தி யாரோடது?"

"என்னோடது சார்... பாக்கெட் பிரிக்கிற கத்தி. ஆனா நான்..."

"நேத்து உன் மாமாவோட சண்டையாமே, என்ன விஷயம்?"

தம்பி மூலையிலிருந்த அலமாரியைக் காட்டினான்.

"இங்க ரத்தத்தோட சிவப்பு அணுக்களை உறைய வச்சு, காய வச்சு, பொடியாக்குறோம் சார். ஃப்ரிட்ஜே வேண்டாம். தேவைப்படும்போது தண்ணியில கலந்து உடம்புல ஏத்திக்கலாம்..."

"காபித்தூள் மாதிரி!"

"ஆமா. ஆனா கலந்ததும் பாதி அணு உடைஞ்சிடுது. அதை ஏத்தினா நோயாளியோட கிட்னி போயிடும். மாமா அதை மறைச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தார். வெளியில சொல்லிடுவேன்னேன்..."

"பொய்!" அக்கா சீறினாள். "'உங்களைச் சும்மா விடமாட்டேன்'னு இவன் கத்தினதை நானே கேட்டேன்! என் கூடப்பிறந்தவன்னு பார்க்காதீங்க சார். அது அவர் ரத்தம்தான்... வேணும்னா டெஸ்ட் பண்ணிப் பாருங்க!"

"அக்கா!"

அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். பாவம், அவன் அவள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"தம்பி... ரத்தத்துக்கு எறும்பு வருமா?"

ரத்தத்தின் ஓரமெல்லாம் எறும்புச் சாரை!

"எனக்கு ரொம்ப வருஷமா சுகர். குத்திப் பார்க்கறப்பல்லாம் எக்கச்சக்கம்! என் ரத்தத்தையே ஒரு எறும்பும் சீண்டினதில்லையேப்பா!"

தம்பி வெடுக்கென்று நிமிர்ந்தான்.

"சர்க்கரை சார்! காயும்போது அணு நொறுங்காம இருக்க ஒரு வகைச் சர்க்கரை கலப்போம். இது உடம்புலேர்ந்து கொட்டின ரத்தமில்ல... பொடியைக் கரைச்சு ஊத்தியிருக்காங்க!"

அலமாரியை இழுத்துத் திறந்தான். மேல் தட்டு காலி!

"புதுசா சோதனை ஆரம்பிக்கறவங்க முதல் ரத்தத்தைத் தங்க கையிலேர்ந்தே எடுக்கணும். அதுதான் இங்க வழக்கம். இதுல இருந்த பாட்டில் எல்லாம் மாமாவோட ரத்தப்பொடி சார்!"

"அப்ப அவர்..."

"சாகவே இல்ல!"

அக்காவின் அழுகை பட்டென்று நின்றது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "புருஷன் உயிரோட இருக்கார்னா சந்தோஷப்படணுமேம்மா... உங்களுக்கு ஏன் இப்படி வியர்க்குது?"

அவள் கைப்பைக்குள் செல்போன் அலறியது.

அவள் எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"உன் தம்பியைக் கூட்டிட்டுப் போயிட்டாங்களா? எவ்வளவு நேரம்தான் நான் இந்த லாட்ஜ்லயே கிடக்கறது?"

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு!

"ஏன்க்கா?" தம்பி அவள் எதிரே போய் நின்றான்.

"நீ வெளியில சொன்னா அவர் ஜெயிலுக்குப் போயிருப்பாருடா..." அக்கா தரையைப் பார்த்தே பேசினாள். "வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே நீ!"

தப்பித்துவிட்டோம் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

இன்ஸ்பெக்டர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"தம்பியை விட்டுட்டோம் டாக்டர்... அக்காவைத்தான் கூட்டிட்டுப் போறோம். அடுத்த தடவை சாகும்போது சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க!"