பவுனு கொடுத்த உத்தரவு

“பவுனு அக்கா படத்தைக் காட்டுங்க.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வரை மாட்டுவண்டியில் அய்யா சொல்லிக்கொண்டே வந்தார். கேட்டுவிட்டேன். அது முப்பத்தெட்டாம் வருஷம். நான்கு மாப்பிள்ளைகள் என் பி.ஏ.வுக்குப் பயந்து ஓடியிருந்தார்கள். ஐந்தாவது ஆள் வீரபாண்டி. ஏலத்தோட்டக்காரர், மனைவி பவுனை இழந்தவர். பெண்ணே வீடு பார்க்க வந்தது என் பிடிவாதம். இதுவும் கெட்டால் இன்னொரு வாசல் ஏற அய்யாவுக்குத் தெம்பில்லை. எனக்கும்தான்.

மாப்பிள்ளையின் தாயார் சந்தனம்மாள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

“தாலி ஏறுன பெறகுதான் காட்டுவோம். படிச்சவுகளுக்கு எல்லாம் முன்கூட்டியே வேணுமோ?”

“பாடத்தைப் பரீச்சைக்கு முன்னாடியே பாத்துப் பழக்கம்.”

வீரபாண்டி சிரித்தார். சந்தனம்மாள் சிரிக்காமல், “அப்ப இப்பவே பாரு” என்று என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். பட்டப்பகலில் இருட்டு. ஏலக்காய் வாசம்; அதற்கடியில் ஈரத்துணியின் நாற்றம்.

மேசைமேல் தோட்டத்துத் துரை விட்டுப்போன படப்பெட்டி. கண்ணுக்கொரு கண்ணாடி, கண்ணுக்கொரு படம். இடப்பக்கம் பவுனு. வலப்பக்கம், சம்பந்தம் பேச அனுப்பிய என் படம். ஒரே அட்டையில் ஒட்டியிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் ஒருத்தியாத் தெரியணும். தெரிஞ்சா, மூத்தவ உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம்.”

எனக்கு அலுப்பாக வந்தது. கல்லூரியில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே காட்சியின் இரு படங்கள்தான் ஒன்றுசேரும். வேறுவேறு முகங்கள் சேராது. மூளை ஒன்றை அமுக்கி மற்றதைக் காட்டும். சில நொடியில் மாற்றிக்கொள்ளும். நாம் சொன்னால் கேட்காது.

குனிந்தேன்.

என் முகம். பிறகு பவுனு. மூடிய கண்கள், தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. செத்தபின் நாற்காலியில் சாய்த்து எடுத்த படம்.

என் முகம். பவுனு. என் நெற்றியும் அவள் வாயும்.

எல்லாம் பாடப்படிதான்.

இடக்கண்ணை மூடினேன். இனி என் படம் மட்டும் தெரியவேண்டும்.

பவுனு தெரிந்தாள்.

வலக்கண்ணையும் மூடினேன்.

பவுனு தெரிந்தாள்.

கண் திறந்திருந்தாள். தாடைக்கட்டைத் தன் கையாலேயே மெல்ல அவிழ்த்தாள். அதற்குக் கீழே, கழுத்தில், ஐந்து விரல் தடம்.

பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன்.

“அவுக எப்படிச் செத்தாக?”

“மலைக்காய்ச்சல்.” சந்தனம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே வந்து கிசுகிசுத்தார். “கட்டை அவுத்துட்டாளா?”

உள்ளறையைவிட்டு வெளியேறினேன். கூடத்தில் வெற்றிலைத் தட்டோடு எழுந்த வீரபாண்டியின் கைகளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

“வண்டியைப் பூட்டச் சொல்லுங்கய்யா. இந்தக் கல்யாணம் வேணாம்.”

அய்யா என்னைத் திட்டவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“ஒங்கூட வர்ற பொண்ணு யாருத்தா?”

நான் திரும்பவில்லை.

“வரட்டும்ய்யா” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.